எஃகல்லாத கத்திகள் எஃகளவுக்கு அடி தாங்குமா?

மொய்ங்காக்கடை (யாங்கோன்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நானும் என் கணவரும் யாங்கோனில் மீன் குழம்பில் அரிசி நூடுல்ஸ் போட்டுத் தரும் சிறிய மொய்ங்காக் கடை ஒன்றை நடத்துகிறோம். காலையில் குழம்புக்கு வாழைத்தண்டும் வெங்காயமும், மாலையில் அத்தோ என்னும் நூடுல்ஸ் கலவைக்கு முட்டைக்கோசும் பச்சைப் பப்பாளியும் என்று நாள் முழுவதும் மெல்லிசாக அரிகிற வேலைதான். இதுவரை எங்கள் கையில் இருப்பவை லாரி வில்லுப்பட்டையில் கொல்லர் அடித்துக் கொடுத்த நாட்டுக் கத்திகள். கூர் நன்றாகவே நிற்கிறது. ஆனால் மழைக்காலத்தில் இரவு துடைத்து வைத்த கத்தி விடிவதற்குள் துருப் பூத்துவிடுகிறது. தண்டை வட்டம் வட்டமாக அரிந்து, நாரை விரலில் சுற்றி எடுப்பதற்குள் கத்தி பட்ட முகம் கறுத்துப் போகிறது.

பாங்காக்கிலிருந்து வந்த உறவினர் ஒருவர் வெள்ளைப் பீங்கான் கத்தி ஒன்றைக் கொடுத்தார். துருவும் இல்லை, கறையும் இல்லை; வெங்காயத்தின் மேல் வைத்தாலே இறங்குகிறது. எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது, கடையில் உதவிக்கு இருக்கும் பையன் அதே கத்தியை எடுத்துக் கெளுத்தி மீனின் தலையைப் பிளக்கப் போனான். கத்தி பாதியில் சிக்கியது. அவன் அதைத் திருகி இழுத்தான். வாயின் நடுவில் அரைநெல் அளவுக்கு ஒரு சில்லு தெறித்துவிட்டது. அது மீனுக்குள் இருக்கிறதா, பலகையில் கிடக்கிறதா என்று கண்டுபிடிக்க முடியாமல் அந்த மீனையே கொட்ட வேண்டியதாயிற்று.

பெட்டியின் மேல் எஃகைவிட இரண்டு மடங்கு கடினமானது என்று அச்சிட்டிருக்கிறார்கள். அப்படியென்றால் என் பழைய நாட்டுக் கத்தி நாள்தோறும் தாங்குகிற வேலையை இது ஒரு முறைகூடத் தாங்காமல் போனது ஏன்? இன்னொன்றும் கேட்க வேண்டும். மோல்மேனில் படகு வைத்திருக்கும் என் கொழுந்தனாரிடம், டைட்டானியம் கத்தி எஃகைவிட வலுவானது என்று ஒரு கடைக்காரர் சொல்லியிருக்கிறார். பீங்கானோ டைட்டானியமோ வேறு எதுவோ, எஃகளவுக்கு முரட்டு வேலையைத் தாங்கும் அலகு ஏதாவது உண்டா என்பதை விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

பட்டறைப் பெரியவர் (டல்லா) எழுதியது:

தங்கச்சிக்கு வணக்கம். பெட்டியில் அச்சிட்டிருப்பது ஏறத்தாழ உண்மைதான். ஆனால் நீங்கள் கேட்கும் கேள்விக்கு அது விடையாகாது. கடினம் என்பது ஒரு பொருளை இன்னொன்றால் அழுத்தினால் பள்ளம் விழாமல் எதிர்த்து நிற்கும் குணம். அடியோ திருகலோ வரும்போது விரிசல் ஓடாமல் தாங்குவது வேறொரு குணம். முதலாவது கூரைக் காக்கிறது, இரண்டாவது கத்தியையே காக்கிறது. ஒன்றை ஏற்றினால் மற்றது பெரும்பாலும் இறங்கிவிடும் என்பதுதான் கத்தி செய்கிறவர்களுக்குத் தீராத தலைவலி.

கணக்கில் பார்த்தால் இது தெளிவாகும். கடினத்தை அளக்கும் விக்கர்ஸ் அளவில் சமையலறை எஃகுக் கத்தி 650 முதல் 700 வரை இருக்கும். கத்திக்குப் பயன்படும் சிர்க்கோனியாப் பீங்கான் 1200-ஐத் தாண்டும். படகுக் கடைகளில் பொதுவாகக் கிடைக்கும், அலுமினியமும் வனேடியமும் கலந்த டைட்டானியம் 350-ஐ ஒட்டியே நிற்கும். இனி விரிசலைத் தாங்கும் திறனைப் பாருங்கள். இதை மெகாபாஸ்கல், வர்க்கமூல மீட்டர் என்ற அலகில் சொல்வது வழக்கம். சன்னல் கண்ணாடிக்கு ஒன்றுகூட வராது, 0.7 அல்லது 0.8தான். அலுமினாப் பீங்கானுக்கு 3 முதல் 5, சிர்க்கோனியாவுக்கு 6 முதல் 10, நன்றாகக் கடினப்படுத்திய கருவி எஃகுக்கு 15 முதல் 25 வரை. அதே எஃகைக் கொஞ்சம் இளக்கிப் பதம் வைத்தால் இன்னும் மேலே போகும். டைட்டானியக் கலவை பெரும்பாலும் 55-க்கு மேலேயே இருக்கும். கட்டடத்துக்குப் போகும் மென்மையான எஃகு நூறைத் தாண்டிவிடும்.

பீங்கானுக்கு 7, எஃகுக்கு 20 என்று வைத்துக்கொண்டால் வித்தியாசம் மூன்று மடங்குதானே என்று தோன்றும். ஆனால் விரிசலை ஓட வைக்கத் தேவைப்படும் ஆற்றல் இந்த எண்ணின் வர்க்கத்துக்கு, அதாவது அதை அதாலேயே பெருக்கி வருவதற்கு, ஏற்ப ஏறுவது. இரண்டு பொருள்களின் விறைப்பும் ஏறத்தாழ ஒன்றாக, 200 கிகாபாஸ்கலை ஒட்டி இருப்பதால், எஃகில் விரிசல் ஓட எட்டு மடங்கு ஆற்றல் வேண்டும். உங்கள் நாட்டுக் கத்தியில் வாயை மட்டும் கடினப்படுத்தி முதுகை இளக்கமாக விட்டிருப்பார்கள் என்பதால் அங்கே இடைவெளி இன்னும் பெரிது. வில்லுப்பட்டை என்பதே பள்ளம் மேடு பார்க்காமல் ஓடும் லாரியின் சுமையைத் தாங்குவதற்காகச் செய்த எஃகு. இன்லே ஏரிப் பக்கத்துக் கொல்லர்கள் பழைய வில்லுப்பட்டையைத் தேடி வாங்குவதற்கு மலிவு ஒன்று மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை.

இந்த வேற்றுமையின் வேர் அணுக்களின் அடுக்கில் இருக்கிறது. எஃகில் விரிசலின் நுனியில் அழுத்தம் குவியும்போது அணு அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி நகர்கின்றன. அந்த நகர்வில் ஆற்றல் செலவாகி நுனி மழுங்குகிறது, விரிசல் அங்கேயே நின்றுவிடுகிறது. பீங்கானில் அந்த வழுக்கலுக்கு வழியே இல்லை. ஆகவே அதன் மேற்பரப்பில் இருக்கும் மிகச் சிறிய கீறல்கூட விரிசலுக்குத் தொடக்கமாகிவிடும். சிர்க்கோனியாவில் 1000 மெகாபாஸ்கல் இழுவிசை வந்தால், 15 மைக்ரான் ஆழமுள்ள கீறலே உடைவதற்குப் போதும் என்று கணக்குக் காட்டுகிறது. தலைமுடியின் தடிமனில் அது நாலில் ஒரு பங்குகூட வராது. அதே விசையில் எஃகுக்கு அந்த எல்லை நூறு மைக்ரானுக்கு மேலே போகிறது. பலகையில் கிடந்த உப்புக்கல்லோ மணலோ போட்ட கீறல் எஃகுக் கத்தியில் வெறும் கோடு. பீங்கான் கத்தியில் அடுத்த சில்லு தெறிக்கப் போகும் இடம் அதுவாக இருக்கலாம்.

பீங்கான் வகைகளிலேயே சிர்க்கோனியா இந்த அளவுக்காவது தாங்குவதற்கு ஒரு நூதனமான காரணம் உண்டு. அதோடு இட்ரியா என்ற பொருளைச் சிறிதளவு சேர்த்துச் சுடும்போது, அறை வெப்பத்தில் நிலைக்கக் கூடாத ஒரு படிக வடிவம் நிலைத்துவிடுகிறது. விரிசல் வந்து அழுத்தும்போது அந்தப் படிகங்கள் தம் இயல்பான வடிவத்துக்குத் திரும்பி ஏறத்தாழ 4 சதவீதம் பருக்கின்றன. அந்தப் பருமன் விரிசலின் இரு கரைகளையும் நெருக்கி அதை மூடப் பார்க்கிறது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1975-ல் இதை விளக்கி எழுதியபோது பீங்கான் எஃகா என்றே தலைப்பிட்டார்கள். தலைப்பு சற்றே மிகைதான் என்றாலும், 1980-களில் ஜப்பானில் பீங்கான் கத்தி விற்பனைக்கு வந்ததற்கு இந்தக் குணம்தான் வழிவிட்டது.

பையன் செய்ததில் கெடுதல் எது என்றால், வெட்டியதைவிடத் திருகியதுதான். பீங்கான் அமுக்கும் விசையை நன்றாகவே தாங்கும். பக்கவாட்டில் வளைக்கும்போது ஒரு முகம் அமுங்க, மறுமுகம் இழுபடும். அந்த இழுபடும் முகத்திலிருந்துதான் சில்லு தெறிக்கும். எலும்பில் சிக்கிய கத்தியைத் திருகுவதும், பூண்டை அலகின் பக்கத்தால் தட்டி நசுக்குவதும், நறுக்கியதைப் பலகையிலிருந்து வாயாலேயே ஒதுக்கித் தள்ளுவதும் எஃகுக் கத்தியோடு பழகிய கைக்கு இயல்பாக வருபவை. பீங்கானுக்கு மூன்றும் ஆகாதவை.

ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். நான் பத்து வருடமாகப் பீங்கான் கத்தி வைத்திருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை என்று இங்கே யாராவது எழுதக்கூடும். அவர் சொல்வதும் மெய்யாகவே இருக்கும். பீங்கானின் வலு, அந்தக் குறிப்பிட்ட துண்டில் எத்தனை பெரிய குறை எந்த இடத்தில் ஒளிந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரே அச்சில் வந்த இரண்டு கத்திகளை ஒரே உயரத்திலிருந்து போட்டால் ஒன்று பிழைக்கும், மற்றது இரண்டாகும். எஃகுக்கு இவ்வளவு ஏற்ற இறக்கம் இல்லை. ஒருவருடைய அனுபவத்தை வைத்து இன்னொருவர் பீங்கானை நம்பக் கூடாது.

கல்யாணச் சமையல் (பாகோ) எழுதியது:

பெரியவர் சொன்ன அறிவியலுக்குள் நான் போகவில்லை. சமையல்காரன் என்ற முறையில் எனக்கு ஒரே ஒரு கவலைதான்: தெறித்த சில்லு எங்கே போகிறது? எஃகுக் கத்தி பெரும்பாலும் வாய் மடங்கும். அரிதாகப் பல் போனாலும் அந்தத் துணுக்கைக் காந்தம் வைத்துத் தேடலாம். பீங்கான் சில்லு வெள்ளை நிறம், கண்ணாடிபோல் கூர்மை, காந்தத்துக்கு ஒட்டாது. சோற்றிலோ நூடுல்ஸிலோ விழுந்தால் கடிக்கிறவர் பல்தான் அதைக் கண்டுபிடிக்கும். நூறு பேருக்கு இலை போடுகிற வேலையில் அந்தப் பொறுப்பை நான் ஏற்க மாட்டேன்.

அக்கா ஒருவர் மட்டும் புழங்கும் கத்தியாக இருந்தால் பரவாயில்லை. கடைப் பையன், விருந்தாளி, பாத்திரம் கழுவுகிறவர் என்று பல கைகள் மாறும் சமையலறையில் பீங்கான் கத்திக்கு ஆயுள் கிடையாது. அப்படியும் வைத்துக்கொள்வதானால் மரப்பலகையில் மட்டும் அரியுங்கள். கருங்கல் மேடையும் கண்ணாடிப் பலகையும் கூடவே கூடாது. வேலை முடிந்ததும் பழைய நைலான் துணியை இழுத்துப் பிடித்து, அதன் மேல் கத்தி வாயை அடி முதல் நுனி வரை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத பொக்கை இருந்தால்கூட நூலில் மாட்டும். மாட்டினால் அன்று அரிந்ததை வாடிக்கையாளருக்குப் போடாதீர்கள்.

கடலோரம் (மோல்மேன்) எழுதியது:

கொழுந்தனாருக்கான பதிலை நான் சொல்கிறேன். என் படகில் டைட்டானியம் கத்தி ஒன்று இருக்கிறது. உப்புத் தண்ணீரில் ஊறினாலும் அதில் ஒரு புள்ளி துரு வராது, தளத்தில் தவறி விழுந்தாலும் வாய் தெறிக்காது. உடையாமல் தாங்குவது ஒன்றே கேள்வி என்றால் அது கூர் வைத்த எஃகைவிடவும் மேலானது; பெரியவர் கொடுத்த எண்களே அதைச் சொல்கின்றன. ஆனால் கடைக்காரர் வலு என்று சொல்வது எடைக்கு எடை பார்க்கும் கணக்கு. எஃகு ஒரு கன சென்டிமீட்டருக்கு 7.8 கிராம் இருக்க, டைட்டானியம் 4.4 கிராம்தான். விமானத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தும். கத்தி வாய்க்கு அதனால் ஆகப்போவது ஒன்றும் இல்லை.

இதன் குறை கூரில் இருக்கிறது. காலையில் தீட்டிய வாய் நாலைந்து மீனின் செதிலைச் சுரண்டியதுமே ஒரு பக்கமாக மடங்கத் தொடங்கும். விரல் நகத்தை வாயின் ஓரத்தில் வைத்து இழுத்தால் மடிப்பு நிரடும். விறைப்பும் எஃகில் பாதிக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஆகவே மெல்லிய மீன் கத்தியாகச் செய்தால் சதைக்குள் போகும்போது வளைந்து கோடு தவறும். என்னுடையதில் வாயின் பாதி ரம்பப் பல்லாக இருப்பதால் வலையில் சிக்கிய நைலான் கயிற்றை அறுக்க நன்றாக உதவுகிறது. அதைத் தவிர வேறு எதற்கும் நான் அதை எடுப்பதில்லை. கண்ணிவெடி அகற்றும் முக்குளிப்பவர்கள் டைட்டானியத்தை வைத்திருப்பது அது காந்தத்துக்கு அசையாது என்பதற்காக. நம் படகுக்கு அப்படி ஒரு தேவை இல்லை.

என்றாலும் பெரியவரிடம் ஒன்று கேட்க விரும்புகிறேன். மடங்கிய வாயைத் திரும்ப நிமிர்த்திவிடலாம், தெறித்த வாயை நிமிர்த்த முடியாது. அப்படிப் பார்த்தால் கடல் வேலைக்கு டைட்டானியம் எஃகைவிட நல்லதென்று சொல்லக் கூடாதா?

மொய்ங்காக்கடை (யாங்கோன்) எழுதியது:

மூவருக்கும் நன்றி. நைலான் துணியில் ஓட்டிப் பார்த்தேன். பெரிய பொக்கை ஒன்றுதான் என்று நினைத்திருந்த கத்தியில் நாலு இடத்தில் நூல் மாட்டியது. கோபால்ட் கலவைக் கத்தி, டங்ஸ்டன் கார்பைடு கத்தி என்றெல்லாம் கேள்விப்படுகிறேனே, அவை எப்படி? துருவும் கறையும்தான் எனக்குத் தொல்லை என்றால் எஃகுக்குள்ளேயே வழி கிடையாதா? பீங்கான் கத்தியைக் கொதிநீரில் போட்டுக் கழுவினால் கெடுமா என்பதையும் சொல்லுங்கள்.

பட்டறைப் பெரியவர் (டல்லா) எழுதியது:

முதலில் மோல்மேன் தம்பிக்கு. மடங்கியதை நிமிர்த்தலாம் என்பது சரி. ஆனால் ஒரே இடத்தை மடக்கியும் நிமிர்த்தியும் வந்தால் உலோகம் அங்கே களைத்து ஒருநாள் கிழிந்துவிடும். எஃகு வாயும் மடங்குவதுதான், அதற்கு ஆகும் நேரம் பல மடங்கு அதிகம் என்பதே வேறுபாடு. டைட்டானியக் கத்தியின் வாயில் ஒரு பக்கம் மட்டும் டங்ஸ்டன் கார்பைடைப் பொறி பறக்கவிட்டுப் படிய வைக்கும் முறை ஒன்று இருக்கிறது; மென்மையான பக்கம் தேயத் தேயக் கடினமான பக்கம் முன்னே நிற்பதால் அறுக்கும் திறன் கூடுகிறது. கயிறு அறுக்க அது நல்ல ஏற்பாடு. வெங்காயம் சீவ ஆகாது.

டங்ஸ்டன் கார்பைடு கோபால்ட்டைப் பசையாகக் கொண்டு கட்டிய பொருள். கோபால்ட் கூடினால் தாங்கும் திறன் ஏறும், கடினம் குறையும். விரிசலைத் தாங்குவதில் 10 முதல் 20 வரை, அதாவது மிகக் கடினமான எஃகை ஒட்டி வரும். மரத்துக்கும் உலோகத்துக்குமான வெட்டுக் கருவிகளில் சிறு துண்டாக, பருமனான முதுகின் மேல் பற்றவைத்துப் பயன்படுத்துவதுதான் இதற்கு ஏற்ற இடம். முழு அலகாக மெலிதாக இழைத்தால் பீங்கானின் கதிதான். நம் நாட்டு மௌச்சி சுரங்கம் ஒரு காலத்தில் உலகுக்கே டங்ஸ்டன் கொடுத்த முக்கியமான இடங்களுள் ஒன்று. அதை எடுத்துக் கொடுத்த ஊர்க்காரர்கள் அறுவடைக்கு எஃகு அரிவாளைத்தான் வைத்திருந்தார்கள்.

கோபால்ட், குரோமியம், டங்ஸ்டன் மூன்றும் சேர்ந்த ஸ்டெல்லைட் என்னும் கலவை அமெரிக்காவின் எல்வுட் ஹேன்ஸ் 1913-ல் காப்புரிமை பெற்றது. அது துருப்பிடிக்காது. உலோகத்துக்குள் சிதறிக் கிடக்கும் கடினமான கார்பைடு துகள்களால், மொத்தக் கடினம் எஃகைவிடக் குறைவாக இருந்தும் நார்ப்பொருளை நெடுநேரம் அறுக்கிறது. எஃகல்லாதவற்றில் கத்திக்கு மிகவும் பொருத்தமானது எது என்று என்னைக் கேட்டால் இதையே சொல்வேன். ஆனாலும் வாய் மடங்கும் பழக்கம் இதற்கும் உண்டு, விலையும் நம் கடைகளுக்கு எட்டாதது. எண்ணெய்க் கிணறு போன்ற இடங்களில் பொறி பறக்காமல் இருப்பதற்காகப் பயன்படும் பெரிலியம் செம்புக் கருவிகள் எங்காவது பழையதாகக் கிடைத்தால் வாங்கித் தீட்டிவிடாதீர்கள்; அந்தத் தூள் நுரையீரலுக்கு நஞ்சு.

தங்கச்சியின் கேள்விக்கு விடை எஃகுக்குள்ளேயே இருக்கிறது. அரை சதவீதக் கரியும் 15 சதவீதக் குரோமியமும் உள்ள சாதாரணத் துருப்பிடிக்காத எஃகில் செய்த சமையலறைக் கத்தி, நாட்டுக் கத்தியைவிடச் சற்று விரைவில் மழுங்கும். ஆனால் கெளுத்தித் தலையில் சிக்கினாலும் சில்லுச் சில்லாகத் தெறிக்காது, மழையில் பூக்காது. வாழைத்தண்டில் கத்தி பட்ட முகம் கறுப்பது, தண்டின் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்வதால் வருவது. குரோமியப் படலம் இரும்பை வெளியே விடாததால் அந்தக் கறை பெருமளவு குறையும். தண்டு காற்றுப் பட்டுத் தானாகப் பழுப்பேறுவதை எந்தக் கத்தியும் தடுக்காது. அரிந்ததும் உப்பும் எலுமிச்சையும் கலந்த தண்ணீரில் போடுவதுதான் அதற்கு வழி. படகுக்காரர்கள் காசு செலவழிக்கத் தயாராக இருந்தால் கரியைக் குறைத்து நைட்ரஜனைச் சேர்த்த எஃகு என்று கேட்டு வாங்கலாம். விண்வெளி எந்திரங்களின் உருளைத் தாங்கிகளுக்காக உருவான அந்த வகை உப்புநீரிலும் நன்றாக நிற்கிறது, கூரிலோ டைட்டானியம் அதன் அருகில்கூட வராது.

கொதிநீரில் எப்போதாவது கழுவுவதால் பீங்கான் கத்திக்கு உடனே கெடுதி வராது. ஆனால் நூறு டிகிரிக்கு மேல் நீராவியில் நாள்தோறும் வைத்தால், விரிசலை மூடுவதற்காகக் காத்திருக்கும் அந்தப் படிகங்கள் மேற்பரப்பில் முன்கூட்டியே உருமாறி வீணாகிவிடும். பீங்கானின் ஆயுளைச் சோதிக்க 134 டிகிரி நீராவியையே ஆய்வகங்களில் பயன்படுத்துகிறார்கள். கொதிநீரிலிருந்து எடுத்துப் பச்சைத் தண்ணீரில் போடுவதையும் தவிர்த்துவிடுங்கள்.

சில்லுப் போன கத்தியைச் சாணைக்கல்லில் வைக்க வேண்டாம், கல்தான் தேயும். வைரத்தூள் பதித்த தகடு ஒன்று வாங்கி, தண்ணீர் விட்டு, பொக்கையின் அடி மட்டம் வரை வாய் முழுவதையும் இறக்குங்கள். பிறகு முன்பிருந்ததைவிடச் சற்று அகலமான கோணத்தில் தீட்டுங்கள். கூர் கொஞ்சம் குறைந்தாலும் வாயின் பின்னே சதை நிற்கும். தீட்டிய பின் நைலான் துணியில் ஓட்டிப் பார்த்து, நாலு இடத்திலும் நூல் மாட்டாமல் போனால் மட்டும் வெங்காயத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மீன் மேடையில் அது இருக்க வேண்டாம்.